அமெரிக்க வரியால் சரக்கு குடோனில் கிடக்கிறது: அரசு உதவி யாருக்காவது கிடைத்ததா?

கப்பலூர்க்காரன்:
வணக்கம். மதுரை கப்பலூர் பக்கம் 45 மெஷின் வைத்து குழந்தைகள் உடுப்பு தைத்து நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம், வாங்குகிற பையர் ஒரே ஆள்தான். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனதும் 'பொறுங்கள்' என்றவர் இன்னும் வாய் திறக்கவில்லை. சரக்கு அனுப்பும் முன் வங்கியில் வாங்கிய கடன் (பேக்கிங் கிரெடிட்) 60 லட்சம் நிற்கிறது. 'ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி' என்று செய்தி வந்ததிலிருந்து மாமனார் தினமும் போன் போட்டு உனக்கு எவ்வளவு வந்தது என்கிறார். வங்கியில் கேட்டால் மேலிருந்து ஒன்றும் வரவில்லையாம். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற வங்கி ஆள்:
தம்பி, அதில் ஒரு ரூபாய்கூட கையில் கொடுக்கிற பணம் இல்லை. நவம்பர் 12-இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது கடன் உத்தரவாதம். உங்கள் லிமிட்டில் (வங்கி அனுமதித்த கடன் வரம்பு) 20 சதவீதம் வரை, லிமிட் 60 லட்சம் என்றால் 12 லட்சம், வங்கி சொத்து அடமானம் கேட்காமல் கூடுதலாகத் தரலாம், 2026 மார்ச் 31 வரை. நீங்கள் கட்டாவிட்டால் வங்கிக்கு அரசு ஈடுகட்டும். உங்களுக்கு அது கடன்தான்.

உங்களுக்கு உடனே உதவுவது நவம்பர் 14-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. பேக்கிங் கிரெடிட் கெடு 450 நாள் வரை நீளலாம், செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணை, வட்டியைத் தள்ளிவைக்கலாம். ரெடிமேட் உடுப்பு பட்டியலில் உண்டு. ஆகஸ்ட் 31 அன்று கணக்கு என்பிஏ (வாராக்கடன்) ஆகாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாமே 'தரலாம்', தந்தே தீர வேண்டும் என்று இல்லை, அதனால் வாயால் கேட்காதீர்கள், மனு எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். இன்னொன்று, ஆகஸ்ட் 31-க்குள் வாங்கிய பேக்கிங் கிரெடிட் என்றால், அனுப்ப முடியாத சரக்கை உள்ளூரில் விற்றுக்கூட அடைக்கலாம்.

வில்லாபுரம் அக்கா:
நாங்கள் தவணையைத் தள்ளிவைத்தோம். வட்டி நிற்காது, வட்டிக்கு வட்டி இல்லை, அவ்வளவுதான். சேர்ந்த வட்டியைத் தனிக் கடனாக்கி 2026 செப்டம்பர் 30-க்குள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 20 சதவீதத்தை நான் தொடவில்லை. ஆர்டரே இல்லாமல் கடன் வாங்கி எந்தத் துணியை வெட்டுவது?

ஜாப் ஒர்க் ஆள்:
எல்லாம் பெரிய ஆட்களுக்கு. தைத்துக் கொடுக்கிற என் பெயரில் பேக்கிங் கிரெடிட் ஏது? மூன்று மாதக் கூலி பாக்கி, கேட்டால் 'டிரம்பிடம் கேள்' என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஆள்:
உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் 45 நாள் தாண்டிய பாக்கிக்கு சிறு தொழில் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் புகார் போடுங்கள், வட்டியோடு கேட்கலாம். அடுத்த ஆர்டர் அவரிடமிருந்து வராது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கப்பலூர்க்காரன்:
நன்றி அண்ணே. திங்கட்கிழமை மனுவோடு போகிறேன். உள்ளூர் விற்பனை பற்றி யோசிக்கவே இல்லை. பையர் லேபிளை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க முடியும். விளக்குத்தூண் பக்கம் 4 முதல் 8 வயது சைஸ் மொத்தமாக எடுக்கிறவர்கள் யாரையாவது தெரியுமா?