2147483647 பகா எண்தானா, கையால் சரிபார்க்க முடியுமா?

ஈசூன்_அம்மா:
பையன் உயர்நிலை 1. ஜாவாவில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவன், 2147483647-உடன் ஒன்றைக் கூட்டினால் -2147483648 வருகிறது என்று கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடி வந்தான். அது கணினிச் சமாச்சாரம், விடுங்கள். இந்த எண் பகா எண் என்று எங்கோ படித்துவிட்டு, "எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?" என்று இரண்டு நாளாக உயிரை எடுக்கிறான். 2, 3, 5 பார்த்தாயிற்று (இலக்கங்களின் கூட்டல் 46, ஆக 3 போகாது). அதற்கு மேல் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி விரல் தேய்கிறது. எதுவரைக்கும் போக வேண்டும்?

தேக்கா_கணக்கு:
வர்க்கமூலம் வரை போதும் அக்கா, 46,340 சொச்சம். ஆனால் அதற்குள்ளேயே பகா எண்கள் 4,800-க்குக் கிட்ட இருக்கின்றன, பாவம் பையன். 7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கலாம், ஏனென்றால் மூன்றையும் பெருக்கினால் 1001. கடைசியிலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 647 − 483 + 147 − 2 = 309. இந்த 309-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தாலும் 1, 13-ஆல் 10. மூன்றும் போகாது.

கல்லாங்_காற்று:
இதற்கு இவ்வளவு பாடா? இது 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 31 பகா எண், அதனால் இதுவும் பகா எண். கதை முடிந்தது.

தேக்கா_கணக்கு:
இல்லை தம்பி, அங்கேதான் வழுக்கும். 11-உம் பகா எண்தான், ஆனால் 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் 2047, அது 23 × 89.

அந்த 23-ஐயும் 89-ஐயும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 22 + 1, 88 + 1. இரண்டுமே 22-இன் மடங்கோடு ஒன்று. 22 என்பது 11-இன் இரு மடங்கு. அதே மாதிரி நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 31-இன் இரு மடங்கான 62-இன் மடங்கோடு ஒன்றாகத்தான் இருக்கும், அப்புறம் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் 248-இன் மடங்கோடு 1 அல்லது 63. 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் 400 கூட இல்லை, அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். 63, 249 இரண்டும் பகா எண் இல்லை, ஆக முதல் ஆளே 311, அதற்கடுத்தது நேரே 1303! கணித மேதை ஆய்லர் 1772-இல் இந்த வழியில்தான் இது பகா எண் என்று காட்டினார், அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

கல்லாங்_காற்று:
சரி சார், 2047-ஐ மறந்துவிட்டேன். வாபஸ்.

ஈசூன்_அம்மா:
ரொம்ப நன்றிங்க. 311-க்கு மீதி 35, 1303-க்கு 226. மணி பதினொன்றாகிறது, தூங்கப் போடா என்றால் 1489-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மீதி 199 என்கிறான், சரிதானே?