'திரு', 'திருமதி': பொருளும் வரலாறும்

கேள்வி:
வணக்கம். பெயருக்கு முன் நாம் இடும் 'திரு', 'ஸ்ரீ' என்பதற்கு மாற்றாக அண்மையில் உருவானதா, பழைய வேர் உடையதா? 'திருமதி'யிலுள்ள 'மதி' நிலவைக் குறிக்கிறதா?

மறுமொழி 1:
சொல் மிகப் பழையது. பொறாமை ஒருவனுடைய திருவைக் கெடுக்கும் என்று 168ஆம் குறள் கூறும்போது அது செல்வத்தையே குறிக்கிறது. பின்னர் திருநாவுக்கரசர், திருவரங்கம் என அடியார் பெயரிலும் ஊர்ப்பெயரிலும் தெய்வத்தன்மை காட்டும் அடைமொழியாயிற்று. எனினும் தமிழ்நாட்டு அரசு நடைமுறையில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவற்றுக்கு மாற்றாகத் திரு, திருமதி, செல்வி நிலைபெற்றது, 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின்தான்.

மறுமொழி 2:
ஐயா கூறியதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த 'மதி' நிலவன்று. 'உடையவள்' எனப் பொருள்படும் வடமொழிப் பெண்பால் ஈறே அது. முழுத் தமிழ் வடிவமான 'திருவாட்டி' சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்களில் இன்றும் வழங்குகிறது. நானும் அதையே விரும்பி எழுதுகிறேன்.