பதில்: குதிரை வாகனத்துக்குப் புது வர்ணம் – நன்கொடை

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நம் கோயில் குதிரை வாகனத்துக்குப் புது வர்ணம் பூச நன்கொடை கேட்டு குவைத் அண்ணன் அனுப்பிய மடலைப் பார்த்தேன். பணம் தர எனக்குத் தடையில்லை. ஆனால் வர்ணத்துக்கு ஒரு பைசா தரமாட்டேன்.

திருவொற்றியூர் போய்வந்த சித்தி வாகன அறையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். குதிரையின் முன்னங்காலில் விரிசல், அதன் நடுவே துருவேறிய இரும்பு ஆணி. துரு ஏற ஏற ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். கடலோரக் கோயில், காற்றிலேயே உப்பு. போதாததற்குக் கூரை வேறு ஒழுகுகிறது. ஈரம் ஊறிய மரத்தின்மேல் தங்க எனாமலைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மேலே பளபளப்பு இருக்கும், அடியில் மரம் இருக்காது. மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் தார்ப்பாயும் அதே வேலையைத்தான் செய்கிறது.

முதலில் கூரை ஒழுகலை அடைத்துவிடுங்கள். வாகனத்தைச் சுவரை விட்டுத் தள்ளி, கட்டைமேல் ஏற்றி, பருத்தித் துணி போர்த்துங்கள். கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும். அவசரப்பட்டு வெயிலில் காயவைக்க வேண்டாம், மரம் வெடித்துவிடும்.

அப்புறம் அந்த வெண்கல மணி. திருவிழாவுக்குத் திருவிழா புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தே அதில் இருந்த எழுத்தைப் பாதி அழித்துவிட்டோம். வழவழப்பாக ஒட்டியிருக்கும் களிம்புக்குப் பயப்பட வேண்டாம். விளிம்பில் தெரியும் வெளிர்பச்சைப் பொடிதான் ஆபத்து. உப்பால் வருவது அது. ஈரம் இருக்கும்வரை வெண்கலத்தில் உள்ள செம்பைத் தின்றுகொண்டே போகும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென்று வேதியியல் கூடம் தொடங்கினார்கள். ஊரில் இருப்பவர்கள் யாராவது போய்க் கேட்டுவிட்டு அப்புறம் மணியில் கை வையுங்கள்.

சிங்கப்பூர் மாமாவுக்குக் கோபம் வரும், போன முறை வர்ணம் அவர் உபயம். மாமா, கல்வெட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கட்டும். வாகனத்தைச் சுமக்கும் வாரைக் கம்பைத் தூக்கியே தோள் காய்த்துப்போன என் அப்பாவின் பெயரையும் கீழே வெட்டுவதாகச் சொன்னீர்கள். அவர் போயே சேர்ந்துவிட்டார்.

பொருளாளர் தம்பிக்கு: 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது வசூலித்ததில் மிச்சம் எவ்வளவு? அதிலேயே கூரை வேலை முடியும் என்று நினைக்கிறேன். கணக்கை இந்தக் குழுவிலேயே போடுங்கள், தனி மடலில் வேண்டாம்.

– மஸ்கட்டிலிருந்து, மேட்டுத்தெரு கடைசி வீட்டுப் பெண்