ஃபஸி ஜோன்ஸ் படங்களின் தெளிவான பிரதி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஹாலிவுட்டின் பி.ஆர்.சி. நிறுவனம் 1940களில் மிகக் குறைந்த செலவில் தயாரித்த கௌபாய் படங்களுள், பஸ்டர் கிராப் நாயகனாகவும் அல் செயின்ட் ஜான் அவருடைய துணைவன் ஃபஸி ஜோன்ஸாகவும் நடித்த வரிசையைத் தேடி வருகிறேன். முதலில் பில்லி தி கிட் என்று அழைக்கப்பட்ட அந்த நாயகன் 1943இல் பில்லி கார்சன் ஆனான். இயக்குநர் சாம் நியூஃபீல்ட்.

கிராப் 1932 ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றவர்தான். ஆனாலும் என் கண் ஃபஸியை விட்டு அகலுவதில்லை. கலைந்த தாடியும் தொளதொளத்த காற்சட்டையுமாக அவர் தடுக்கி விழும்போது, கீஸ்டோன் என்ற நகைச்சுவைப் பட நிறுவனத்தின் மௌனப்படக் காலத்திலேயே பழகிய உடற்பயிற்சி ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. அவரை வெறும் கோமாளி என்று ஒதுக்குவது பெரும் அநியாயம்.

இணையத்தில் எனக்குக் கிடைத்த பிரதிகளில் முகங்கள் மங்கலாக உள்ளன. சிலவற்றில் காட்சிகளும் வெட்டுப்பட்டிருக்கின்றன. வெட்டுப்படாத, தெளிவான பிரதிகள் எங்கே கிடைக்கும் என்பதையும், ஃபஸிக்கு அதிக இடம் தரும் படங்கள் எவை என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன். குறுந்தகடாக இருந்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவும் ஆயத்தமாக இருக்கிறேன்.