பழைய பிக்கப்ல அடியில இருந்து "டொக்"னு ஒரு சத்தம், எங்கேன்னு பிடிபடல

லோடுதம்பி:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. என்னுது 2008 மாடல் டீசல் பிக்கப், மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு, அப்பா ஓட்டுன வண்டி இப்ப நான் ஓட்டுறேன், சுத்துப்பட்டு தோட்டத்துல தக்காளி, முருங்கை ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போறதுதான் வேலை. ஒரு மாசமா அடியில சுத்தியலால சேஸ்ல ஒரு போடு போட்ட மாதிரி "டொக்"னு ஒரே சத்தம், சீட்டுக்கு அடியிலயே தெரியுது. ஷாக் அப்சர்தான்னு சொல்லி மெக்கானிக் பின்னாடி ரெண்டையும் மாத்துனாரு, காசு போனதுதான் மிச்சம். இப்ப கிரவுன (பின் ஆக்ஸில் நடுவுல இருக்குற பல்சக்கர செட்டு) இறக்கிப் பாக்கணுங்கறாரு. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது வேற எதாவது இருக்கா?

நாமக்கல்காரன்:
கிரவுன்ல இப்போதைக்கு கை வைக்க விடாதீங்க தம்பி. சத்தம் எங்க வருதுங்கறத விட எப்ப வருதுங்கறதுதான் முக்கியம். பள்ளத்துல இறங்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, இல்ல கிளட்ச் விட்டு வண்டி நகரும்போதா? காலியா இருந்தாலும் லோடு இருந்தாலும் ஒரே மாதிரியா? ஆளில்லாத ரோட்டுல செகண்ட் கியர்ல 15, 20ல போய்க்கிட்டே ஆக்சிலேட்டர மிதிச்சு விட்டு மிதிச்சு விட்டுப் பாருங்க, அப்புறம் அதே ரோட்டுல கிளட்ச மிதிச்சுக்கிட்டு சும்மா உருள விட்டு ஒரு மேட்டுல ஏத்திப் பாருங்க. முதல்ல சொன்னதுல வந்தா ஜாயிண்ட் பக்கம், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி கிரவுனுக்கு சுத்திக்கிட்டுப் போற ஜாயிண்ட் ராடு பக்கம், ரெண்டாவதுல வந்தா ஸ்பிரிங் பட்டை, அத மாட்டுற இடத்துல இருக்குற புஷ் பக்கம். ஷாக் அப்சர் போனா பள்ளத்துல தானே சத்தம் போடும், கிளம்பும்போது அது எதுக்குப் பேசப்போகுது.

பழையடீசல்:
சிரிக்காதீங்க, என் வண்டில இதே மாதிரி சத்தத்துக்கு ரெண்டு நாள் அடியில படுத்துப் பாத்தேன், கடைசில சீட்டுக்குப் பின்னாடி இருந்த ஜாக்கி கிளிப்ப விட்டு கழண்டு பாடில இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஸ்டெப்னி தொங்குற செயினையும் ஒரு தடவ ஆட்டிப் பாருங்க, பைசா செலவில்ல.

லோடுதம்பி:
ஜாக்கி, ஸ்டெப்னி ரெண்டும் டைட்டாதான் இருக்கு அண்ணே. நாமக்கல் அண்ணன் சொன்னபடி ஓட்டிப் பாத்தேன். காலை எடுத்தா ஒரு டொக், மிதிச்சா ஒரு டொக், ரிவர்ஸ் போட்டு கிளட்ச் விட்டா இன்னும் பெருசா வருது. உருள விட்டா அந்த சத்தம் இல்ல. ஆனா காலி வண்டில ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது வேற ஒரு சின்ன லொடலொட இருக்கு, அது தனியா. இன்னொன்னு, ரெண்டு மாசம் முன்னாடி மெதுவா போகும்போது குருவி கத்துற மாதிரி கீச்சு கீச்சுன்னு கேட்டுச்சு, அப்புறம் தானா நின்னுருச்சு.

நாமக்கல்காரன்:
அந்தக் குருவிதான் ஆளு. ஜாயிண்ட் ராடு முனையில கூட்டல் குறி மாதிரி இருக்குமே, அந்த கிராஸ் பேரிங்ல கிரீஸ் காஞ்சா முதல்ல கீச்சுன்னு கத்தும், ஊசி ரோலர் தேஞ்சு இடம் விட்ட பிறகு டொக்குன்னு அடிக்கும். வண்டிய சமதரையில நிறுத்தி முன்சக்கரம் பின்சக்கரம் ரெண்டுக்கும் கட்டை வச்சுட்டு நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்க விட்டுட்டு அடியில படுத்து ஜாயிண்ட் ராட கையால ரெண்டு பக்கமும் திருகுங்க. கிராஸுக்கும் அத பிடிச்சிருக்குற கவட்டை மாதிரி யோக்குக்கும் நடுவுல கொஞ்சம் ஆட்டம் தெரிஞ்சாலும் அது முடிஞ்சுபோச்சு, ஊசி ரோலர் இருக்குற கப் ஓரத்துல செங்கல் பொடி மாதிரி துரு இருந்தா சந்தேகமே வேண்டாம். ராடு மொத்தமா துளி திரும்பி கிரவுன்ல போய் பிடிச்சா பயப்படாதீங்க, பல்லுக்குப் பல்லு கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். நடுவுல ராட தாங்குற சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னும் பாத்துருங்க. இத வச்சுக்கிட்டு லோடு அடிக்காதீங்க, முன்பக்க கிராஸ் உடைஞ்சா ராடு ரோட்டுல குத்திரும்.

மலைரோடு:
கிராஸா இருக்கலாம், ஆனா பின் ஆக்ஸில பட்டையோட சேத்துப் பிடிக்கிற யு போல்ட்ட விட்டுறாதீங்க. லூசானா பட்டை நடுவுல இருக்குற சென்டர் போல்ட் வெட்டிக்கிட்டு ஆக்ஸில் ஹவுசிங்கே பட்டை மேல முன்னபின்ன நகரும், கிளம்பும்போதும் பிரேக்குலயும் இதே டொக்குதான். ரெண்டு பக்கமும் வீல், மட்காடு இடைவெளிய அளந்து பாருங்க, வித்தியாசம் இருந்தா அதுதான்.

லோடுதம்பி:
அப்டேட். யு போல்ட் ரெண்டு பக்கமும் சரியா இருக்கு, அளவும் ஒண்ணுதான். பின்பக்க கிராஸ்ல நல்லா ஆட்டம், ஓரமெல்லாம் சிவப்புப் பொடி, நாலு கப்புல ஒண்ணுல ஊசியே இல்ல, பொடியாயிருச்சு! மெக்கானிக்கே பாத்துட்டு ஒண்ணும் பேசல. ரெண்டு கிராஸும் மாத்தியாச்சு, கிரவுன் ஆயில்லயும் இரும்புத் துகள் எதுவும் இல்ல, அப்படியே மூடிட்டோம். டொக் போயே போச்சு. ஆனா 60க்கு மேல போனா தரை லேசா அதிருது, இது முன்ன இல்ல.

நாமக்கல்காரன்:
ராட கழட்டும்போது மார்க் போட்டீங்களா? ராடு நீளவும் சுருங்கவும் வழிவிடுற ஸ்லிப் பக்கத்த ஒரு பல்லு மாத்திச் சொருகியிருப்பாங்க. ராடோட ரெண்டு முனை யோக்கும் ஒரே நேர்ல இருக்கணும். கழட்டித் திரும்பச் சொருகச் சொல்லுங்க, அந்தப் பல்லு வரிசைல, அதான் ஸ்ப்ளைன்ல, கிரீஸும் வைக்கச் சொல்லுங்க. புது கிராஸ்ல கிரீஸ் அடிக்குற நிப்பிள் இருக்கா?

லோடுதம்பி:
மார்க் போடல அண்ணே. நிப்பிள் இருக்கு. நாளைக்கு மார்க்கெட் லீவு, திருப்பிச் சொருகிப் பாத்துட்டு அந்த லொடலொடவையும் பாக்குறேன், பட்டை முனையில இருக்குற ஷேக்கிள் புஷ் மேலதான் சந்தேகம்.