மறுமொழி: வீட்டில் துப்பாக்கி வைத்துப் பூட்டும் பெட்டிக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது பற்றி லாஸ்பேட்டை அம்மா ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து வரும் கைப்பிரதி, துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கானது. அதில் வரும் ‘கன் சேஃப்’ என்பதற்கு இதுவரை குழுவில் நான்கு சொற்கள் வந்துள்ளன: துப்பாக்கிப் பெட்டகம், சுடுகலப் பேழை, ஆயுதக் காப்பறை, படைக்கொட்டில். கடலூரில் ஸ்டீல் பீரோ பட்டறை நடத்துபவன் என்ற முறையில் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: துப்பாக்கிப் பூட்டகம். இந்தப் பெட்டிக்கு உயிர் பூட்டில்தான் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பூட்டு நினைவுக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

> நகைக்கும் பெட்டகம், பத்திரத்துக்கும் பெட்டகம் என்கிறோம். துப்பாக்கிக்கு மட்டும் புதுச்சொல் எதற்கு?

திருப்பாதிரிப்புலியூர் ஐயா, விஷயமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நகைப் பெட்டகம் வெளித் திருடனுக்காகச் செய்வது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தாலும் கெடுதல் இல்லை. துப்பாக்கிக்கு அது பொருந்தாது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கிறது. உரிமத்தில் பெயர் இல்லாத மகனோ மருமகனோ அதை எடுத்துக் கையாளச் சட்டப்படி இடமில்லை. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன், குடித்துவிட்டுச் சண்டைக்கு நிற்கும் உறவினர், மனம் உடைந்து போயிருக்கும் வீட்டு ஆள் என எல்லாரிடமிருந்தும் அதைத் தள்ளி வைக்க வேண்டும். கோபமும் விரக்தியும் உச்சத்தில் இருக்கிற அந்தச் சில நிமிடங்களைக் கடத்தித் தருவது ஒரு பூட்டுதான். பெட்டகம் என்று எழுதினால் வாசிப்பவர் நகையோடு சேர்த்துத் துப்பாக்கியையும் உள்ளே வைத்துவிட்டு, சாவியை எப்போதும் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவிடுவார். கைப்பிரதி எதைத் தடுக்க எழுதப்படுகிறதோ அதுவே நடக்கும்.

இப்போது நம் பக்கத்தில் நடப்பதும் அதுதான். வங்கிக் காவலுக்குப் போகிற முன்னாள் படைவீரரானாலும், பன்றி விரட்ட உரிமம் வாங்கிய விவசாயியானாலும், துப்பாக்கி இருப்பது பீரோவுக்குள், பட்டுப் புடவைகளுக்குப் பின்னால். தோட்டாவும் அதே பீரோவின் உள் லாக்கரில். பீரோ செய்பவனே சொல்கிறேன், பீரோ இந்த வேலைக்கு உதவாது. நாங்கள் போடுவது 20 அல்லது 22 கேஜ் தகடு, அதாவது ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதையும் கைப்பிரதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் அம்மா. பெரிய எண் என்றால் தடித்த தகடு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. பிரிட்டனில் துப்பாக்கி அலமாரிக்கான பிஎஸ் 7558 தரம் 2 மில்லிமீட்டர் எஃகைக் கேட்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்கான பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் 12 கேஜ் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். ஜெர்மனியில் 2017 முதல் புதிதாக வாங்குவது ஈஎன் 1143-1 என்ற ஐரோப்பியப் பெட்டகத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பீரோ கதவின் மூலையில் ஒரு கடப்பாரை நுனி நுழைந்தால் தகடு மடங்கிக்கொடுக்கும், பூட்டு அப்படியே பூட்டியபடி நிற்கும்.

> ‘படைக்கொட்டில்’ என்றால் ஔவை கண்ட காட்சி கண்முன் வருமே!

வருகிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்கு உள்ள குறிப்பு, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது ஔவையார் பாடியது என்கிறது. மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, ‘கடியுடை வியனக’ரில் இருக்கும் ஆயுதங்கள்! கடி என்றால் காவல், வியனகர் என்றால் அகன்ற மாளிகை. நெய் பூசுவதும் காவலில் வைப்பதும் அன்றைக்கே சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. ஆனால் அது அரசனின் படைக்கலம் முழுவதும் இருந்த மாளிகை. நாம் பேசுவது ஒன்றிரண்டு துப்பாக்கி கொள்ளும் பெட்டி. போதாததற்கு நெல்லிக்குப்பத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ கொட்டில் என்றால் மாட்டுக்கொட்டில்தான். காவல்துறையின் ஆயுதக் கிடங்கைக் குறிக்க அச்சொல்லை எடுத்து வைப்போம், அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

‘காப்பறை’யிலும் இதே அளவுச் சிக்கல். அறை என்றால் ஆள் நுழையும் இடம்.

> துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல். ‘சுடுகலம்’ என்றே எழுதலாமே.

ஈழத்தவர் சுடுகலன் என்று எழுதுவதைப் படித்திருக்கிறேன், அவர்கள் வழக்கில் அது நிலைத்துவிட்டது. இங்கே ‘சுடுகலம்’ என்றால் சூளையில் சுட்ட மண்பாண்டம் என்றுதான் காதில் விழும். நாட்டுத் துப்பாக்கி, இரட்டைக்குழல் துப்பாக்கி, துப்பாக்கிக் குதிரை என்று எத்தனை தொடர்களை மக்களே கட்டியிருக்கிறார்கள்! பீரோ பிரெஞ்சிலிருந்து வந்தது, அலமாரி போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது. அந்த அலமாரியின் லத்தீன் மூலத்தைத் தேடிப் போனால் கருவிகளையும் ஆயுதங்களையும் குறிக்கும் ‘அர்மா’வில் போய் நிற்கிறது. கைப்பிரதி போய்ச் சேரும் வீடுகளில் பல, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள். அவர்களிடம் துப்பாக்கி என்ற சொல்லை மாற்றிச் சொல்லி எதைப் பாதுகாக்கப் போகிறோம்?

இனி, ‘பூட்டகம்’ ஏன் என்று சொல்கிறேன். பூட்டு + அகம். பெட்டகத்தோடு ஓசை ஒத்துப்போவதால் வாய்க்கு எளிதாக வரும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பூட்டுதல் என்றால் சாவி போடுவது மட்டும் இல்லை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். ஒன்றை இன்னொன்றோடு பிரியாதபடி இணைப்பதும் பூட்டுதல்தான். துப்பாக்கிப் பெட்டிக்கு இந்த இரண்டும் வேண்டும். கதவைப் பூட்ட வேண்டும், பெட்டியைத் தரையோடு பூட்ட வேண்டும். ஐம்பது அறுபது கிலோ பெட்டியை இரண்டு பேர் சேர்ந்தால் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய், ஆளில்லாத இடத்தில் ஆற அமர அறுத்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வெறும் பெட்டி 150 கிலோவுக்குக் குறைந்தால் கட்டிடத்தோடு பொருத்தியே ஆக வேண்டும் என்று விதியே உண்டு.

பொருத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கைப்பிரதியின் ஆங்கில மூலம் நம் வீடுகளை அறியாது. காங்கிரீட் தளமானால் கவலை இல்லை. பெட்டியின் அடித்தட்டில் உள்ள துளை வழியே குறியிட்டு, துளைபோட்டு, தூசியை ஊதி எடுத்து, 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டை இறக்கி முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். புதுச்சேரியின் பழைய தெருக்களில் உள்ள சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் அப்படி நடக்காது. அப்படியொரு வீட்டின் மாடியில் பெட்டியைச் சுவரோடு பொருத்தப் போனோம். துளைக்கத் துளைக்கச் செங்கல் பொடியும் சுண்ணாம்பும் மாவாக உதிர்ந்து விழுந்தன. போல்ட்டை முடுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசிவரை இறுகவில்லை. அத்தகைய சுவருக்குப் பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் சரி. மாடித் தளமோ மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. அதன்மேல் முந்நூறு கிலோ பெட்டியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கீழ்த்தளத்தில், இரண்டு சுவர் சேரும் மூலையில், கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டியபடி நிறுத்தினால் கடப்பாரை போட்டு நெம்ப இடம் கிடைக்காது.

கீழ்த்தளம் என்றதும் வெள்ளம் நினைவுக்கு வரும். 2015 நவம்பர் மழையைக் கடலூர் மறக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரித் தெருக்களில் நின்ற தண்ணீரையும் பார்த்தோம். தரையில் ஒன்றரை அடிக்குக் காங்கிரீட் மேடை கட்டி அதன்மேல் பூட்டகத்தைப் பொருத்துங்கள். தண்ணீர் வராத நாளிலும் உப்புக் காற்று உண்டு. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைத்த ஓர் இரட்டைக்குழலை என் கண்முன் உருவினார்கள். உறையின் உட்துணி எங்கெல்லாம் குழலைத் தொட்டிருந்ததோ அங்கெல்லாம் காவி நிறத்தில் கோடு கோடாகத் துரு. தோலும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டகத்துக்குள் உறை கூடாது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், சிலிகா ஜெல் பொட்டலமும் வேண்டும். பொட்டலத்தை அவ்வப்போது காயவைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

அளவைப் பற்றி ஐயா ஒருவர் கேட்டிருந்தார். ஆயுதச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது (விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு). ஆகவே வெளிநாட்டு விளம்பரங்களில் வரும் இருபது முப்பது கொள்ளும் பெட்டி நமக்கு வேண்டியதில்லை. மடக்கித் திறக்கும் இரட்டைக்குழலைக் குழல் தனி, கட்டை தனி என்று கழற்றலாம், அப்போது உயரம் மிகவும் குறையும். கழற்றி வைத்தால் திருடினாலும் உடனே சுட முடியாது என்பது கூடுதல் காவல். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு சாவி, முடிந்தால் வேறு அறை. நாட்டுத் துப்பாக்கிக்கான கருமருந்தை இறுக்கமாக மூடும் இரும்புப் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் வெடிகுண்டாகிவிடும். உரிமம் கேட்கும் விண்ணப்பத்திலேயே, ஆயுதத்தையும் தோட்டாவையும் வைக்கப் பத்திரமான இடம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பலர் யோசிக்காமல் ‘ஆம்’ என்று நிரப்பிவிடுகிறார்கள். கைப்பிரதியில் அந்தக் கேள்வியையே தலைப்பாகப் போட்டுத் தொடங்கலாம் என்பது என் விருப்பம்.

மற்ற சொற்களுக்கு வருகிறேன். கதவிலிருந்து சட்டத்துக்குள் பாயும் தடித்த எஃகுக் கம்பிகளுக்குத் ‘தாழ்க்கோல்’ என்ற பழைய சொல்லே போதும். துப்பாக்கியின் விசையை (டிரிக்கரை) மூடிப் பூட்டும் சிறு பூட்டுக்கு ‘விசைப்பூட்டு’. கைத்துப்பாக்கிக்கான சின்னப் பெட்டிக்குக் ‘கைப்பூட்டகம்’. இத்தனை நிமிடம் நெருப்பைத் தாங்கும் என்று பெட்டியில் ஒட்டியிருப்பதைத் ‘தீத்தாங்கு நேரம்’ என்று சொல்லலாம்; தகட்டுக்கு உள்ளே ஜிப்சம் பலகை வைத்திருப்பார்கள், சூடேறும்போது அதில் கட்டுண்ட நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். எண் அழுத்தித் திறக்கும் பூட்டுக்கு அம்மா ‘கடவுச்சொல்’ என்று எழுதியிருந்தார். அங்கே இருப்பது சொல் இல்லை, எண். திறவுகோல் இருக்கிறபோது ‘திறவெண்’ என்றால் உடனே புரியும். தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் திறவெண்ணை முதல் நாளே மாற்ற வேண்டும், பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சாவி உள்ள பூட்டானால், சாமி படத்துக்குப் பின்னாலும் அரிசிப் பானைக்குள்ளும் வேண்டாம். வீட்டுப் பிள்ளைகள் முதலில் தேடுவது அங்கேதான்.

விரல்ரேகைப் பூட்டை நான் பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. முந்திரி உடைக்கும் கைகளில் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் உரிந்துபோயிருக்கும், கருவிக்கு ரேகை அகப்படாது.

ஆங்கர் போல்ட்டைத் தமிழாக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். படித்தவர் அந்தக் காகிதத்தோடு இம்பீரியல் சாலை வன்பொருள் கடைக்குத்தான் போவார். ‘நங்கூர ஆணி’ என்று கேட்டால் கடைப் பையன் விழிப்பான், தவறான ஆணியைக் கொடுத்தாலும் கொடுப்பான். பாதுகாப்புக்கான கைப்பிரதியில் அந்த ஆபத்து கூடாது. புதுச்சொல் படைக்கிற இடம் வேறு, கடையில் பொருள் வாங்குகிற இடம் வேறு.

‘பூட்டகம்’ ஏற்கெனவே லாக்கருக்கு யாராவது பயன்படுத்தியிருந்தாலும் எனக்கு மறுப்பில்லை. முன்னால் ‘துப்பாக்கி’ சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. இதற்கு மேல் நல்ல சொல் கிடைத்தால் என் சொல்லை விட்டுத்தரவும் தயார், ஆனால் அந்தச் சொல்லுக்குள் பூட்டு இருக்க வேண்டும்.

அம்மா, அச்சுக்குப் போகுமுன் பொருத்துவது பற்றிய பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். துளையின் ஆழம், போல்ட்டின் நீளம், கெமிக்கல் ஆங்கர் காய வேண்டிய நேரம் ஆகியவற்றைப் பட்டறையில் சரிபார்த்து, படமும் வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து