மடலாடல்: 'டாக்ஸ் அபேட்மெண்ட்' தமிழில் எப்படி?

நண்பர்களே,

உள்ளாட்சி நிதி பற்றிய ஒரு பாட அத்தியாயத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலையைத் தன் ஊருக்கு இழுப்பதற்காக அமெரிக்க நகராட்சிகள் பல ஆண்டுகளுக்குச் சொத்துவரியைக் குறைத்துக்கொள்வதை 'டாக்ஸ் அபேட்மெண்ட்' என்கிறார்கள். இப்போதைக்கு 'வரிச்சலுகை' என்று போட்டிருக்கிறேன். ஆனால் அத்தியாயம் பேசுவதெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாத செலவைப் பற்றி. சலுகை என்றால் யாருக்கும் எதுவும் குறையாத மாதிரி இருக்கிறது. வேறு சொல் உண்டா?

---

பழைய சொல்லே இருக்கிறது: இறையிலி. இறுத்தல் என்றால் செலுத்துதல், அதிலிருந்து இறை, அதாவது வரி. இறை இல்லாத நிலம் இறையிலி. சோழர் காலத்தில் நிலத்தை இறையிலியாக்க, கொடையாளி ஊர்ச்சபைக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுப்பதுண்டு. அதன்பின் அந்நிலத்துக்குரிய வரியைச் சபையே பொறுப்பேற்கும். கல்வெட்டிலும் அது பதிவாகும். வரி ஒழியவில்லை, கட்டுகிற ஆள்தான் மாறினார். இறையிலி வேண்டாமென்றால் 'வரி தவிர்ப்பு' எனலாம். முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' அல்லவா?

---

> 'வரி தவிர்ப்பு' எனலாம்

ஐயா, அது மட்டும் வேண்டாம். சட்டத்தின் இடுக்கில் புகுந்து வரி கட்டாமல் நழுவுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இறையிலியும் வகுப்பில் எடுபடவில்லை. பலகையில் எழுதியதும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரா என்று கேட்டார்கள்.

ஆனால் ஆள் மாறினார் என்றீர்களே, அதுதான் இதில் உயிர். ஒப்பந்தம் போடுவது நகராட்சி. பல இடங்களில் வருவாய் குறைவது, அதே சொத்துவரியை நம்பியிருக்கும் பள்ளி வாரியத்துக்கு. அவர்களை யாரும் கேட்டுக்கூட இருக்க மாட்டார்கள். அமெரிக்க அரசுக் கணக்கியல் தர வாரியம் 2015இல் வெளியிட்ட 77ஆம் நெறிமுறை, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பிற அமைப்புகளின் ஒப்பந்தங்களால் தனக்குக் குறைந்த வரியையும் கணக்கறிக்கையில் காட்டச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அந்தக் கணக்கில் எழுதத் தகுந்த சொல்.

என் பரிந்துரை 'விடுவரி'. வினைத்தொகை என்பதால் விட்ட வரி, விடுகிற வரி, விடப்போகும் வரி மூன்றும் அடங்கும். பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது.

---

விடுவரி அழகுதான். ஆனால் 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்ற குறளை (756) நினையுங்கள். உறுபொருள் அரசிடம் தானாக வந்து சேர்வது, உல்கு பொருள் சுங்கம். உறுபொருளுக்கு எதிராக, அரசு கைவிடுவது 'விடுபொருள்'. வரியோடு நிற்காமல் இலவச நிலத்தையும் இது தழுவும்.

---

> இது தழுவும்

தழுவும், ஆனால் யாருக்கும் புரியாது. அகராதியைப் புரட்டிக்கொண்டு வரவுசெலவுக் கணக்கைப் படிக்க முடியுமா? செய்தித்தாள் படிக்கிறவருக்கு வரிச்சலுகை தெரியும். தெரிந்த சொல்லின் பக்கத்தில் செலவைச் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று. விடுவரி என்றால் கைக்கு வராத பணம் மட்டும்தான். கையிலிருந்து போன பணம்? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2017இல் 13,000 வேலைகள் வரை உருவாக்குவதாகச் சொன்னது. 2021இல் ஒப்பந்தம் 1,454 வேலைகளுக்குச் சுருங்கியது. மாநிலத்தின் வரிச்சலுகை வேலைகளோடும் முதலீட்டோடும் கட்டியிருந்ததால் அதுவும் 8 கோடி டாலருக்குச் சுருங்கியது. ஆனால் மவுண்ட் பிளசண்ட் கிராமம் கடன் வாங்கிக் கையகப்படுத்திய நிலமும் போட்ட சாலையும் சுருங்கவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

---

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். தலைப்பிலும் உரையிலும் 'வரிச்சலுகை', கணக்கு அட்டவணைகளில் 'விடுவரி'. கடைசிக் கேள்விக்குச் சொல் கிடைக்கவில்லை. 'ஊர் ஏற்ற செலவு' என்று விரித்தே எழுதிவிட்டேன்.

---

'ஏற்ற' என்றால் தகுந்த என்றும் பொருள்படுமே. 'ஊர் சுமந்த செலவு' என்று மாற்ற நேரமிருக்கிறதா?